பிள்ளைகளைப் பதியோடு சேர்ப்பது எப்படி?

கேள்வி: நாங்கள் இருளர் பழங்குடி. ஆனைகட்டி மலையில் எங்கள் பதி, அதாவது ஊர். பிழைப்புக்காகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறோம். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 9. நோம்பிக்கு (திருவிழாவுக்கு) ஊருக்குக் கூட்டிப்போனால் மறுநாளே "திருப்பூர் போலாம்" என்கிறார்கள். பாட்டி பேசுவது புரிகிறது, பதில் மட்டும் தமிழில்தான் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பாட்டி பேசுவது புரிகிறதே, அது பெரிய விஷயம். மொழி காதில் இருக்கிறது, நாக்குக்கு வர வேண்டியதுதான் மிச்சம்.

முதலில், நோம்பியை நம்பாதீர்கள். அந்த நாட்களில் பெரியவர்கள் ஆளுக்கொரு வேலையில் ஓடிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் விருந்தாளிகளாக ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள், கையில் போன் ஏறிவிடும். அரையாண்டு விடுமுறையில் அழைத்துப் போங்கள். மானாவாரிக் காட்டில் ராகி, சாமை அறுப்பும் அடிப்பும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும். மழையைப் பொறுத்து முன்பின் ஆகும் என்பதால் கிளம்புமுன் ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரமாவது தங்க வேண்டும். முதல் மூன்று நாள் முரண்டு பிடிப்பார்கள்; அதைப் பார்த்துத் திரும்பிவிட்டால் போன பயனே இல்லை.

இருவருக்கும் தனித்தனியாக வேலை கொடுங்கள். மகளை அடுப்படியோடு நிறுத்திவிடாமல் காட்டுக்கும் அனுப்புங்கள். ராகி அறுத்த காட்டில் துவரை மட்டும் நிற்கும். அதை ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று தாத்தாவிடம் கேட்கச் சொல்லுங்கள். துவரைக்கு இன்னும் நாள் வேண்டும், வேர் ஆழமாகப் போவதால் மழை நின்ற பிறகும் தாங்கும் என்று அவர் செடியைக் காட்டிச் சொல்வார். அடித்த சாமையைக் காற்றில் தூற்றும்போது பாட்டி முறத்தைச் சாய்க்க, பேரன் கூடையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டட்டும். "மெதுவா, போதும், இந்தப் பக்கம் நில்லு" என்பதெல்லாம் அந்த இடத்தில் நம் மொழியான இருளத்தில்தான் வரும். கை வேலையில் இருக்கும்போது பிள்ளைகளும் கூச்சமில்லாமல் பதில் சொல்வார்கள்.

ஊர்த் தலைவரான மூப்பன், அவருக்குத் துணையான குறுதலை, பொருள் பொறுப்புப் பார்க்கும் பண்டாரி, மண்ணூக்காரன் ஆகியோரிடம் பிள்ளைகளை நேரில் கூட்டிப்போய் இன்னார் பேரன், இன்னார் பேத்தி என்று அறிமுகப்படுத்துங்கள். மண்ணும் விதைப்பும் மண்ணூக்காரன் பொறுப்பு. அவரைக் கேட்டு ஒரு கைப்பிடி விதை ராகி வாங்கி வாருங்கள். திருப்பூரில் ஆடி மாதம் ஓரடி அகலப் பையில் விதைத்து, முளைத்தபின் மூன்று நாற்று மட்டும் விடுங்கள். பொடி விதை என்பதால் ரொம்ப ஆழமாகப் புதைத்தால் சரியாக முளைக்காது. நல்ல வெயில் இருந்தால் ஏறத்தாழ நான்கு மாதத்தில் கதிர் முற்றிவிடும்.

வீட்டில் இராச்சாப்பாட்டிலிருந்து தூங்கும்வரை இருளம் மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை தமிழில் பதில் சொன்னால் திட்ட வேண்டாம். அதையே நீங்கள் இருளத்தில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். உச்சரிப்பைக் கேட்டு யாரும் சிரிக்கக்கூடாது. ஒருமுறை சிரித்தால் மாதக்கணக்கில் வாய் திறக்க மாட்டார்கள். பல வீடுகளில் பாட்டியே, பேரன் சிரமப்படக்கூடாதென்று பாசத்தில் தமிழுக்கு மாறிவிடுகிறார். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம். பள்ளியில் கேலி செய்வார்கள் என்ற பயம் மகளுக்கு இருக்கலாம். கேரளத்து அட்டப்பாடியைச் சேர்ந்த இருளப் பாடகி நஞ்சியம்மாவுக்கு 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டதைச் சொல்லுங்கள். அவர் பாடியது நம் மொழியில்.

இருளத்தின் சில உயிரொலிகளுக்குத் தமிழில் எழுத்து இல்லை. எழுதிக் கொடுத்தால் தமிழாகவே வாசிப்பார்கள். அதனால் முதலில் குரலைப் பதிவு செய்யுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, பேசுபவரின் வாயிலிருந்து இரண்டு சாண் தூரத்தில், காற்று அடிக்காத இடத்தில் வையுங்கள். தொடக்கத்தில் தேதி, பெயர், பதியைச் சொல்லவைத்து, இருபது நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். அனுமதி கேட்காமல் பதிவு செய்யக்கூடாது. சாவுச் சடங்குப் பாட்டு, சாமிப் பாட்டு, மருந்துச் செடி விவரம் ஆகியவற்றைப் பெரியவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எதையும் ஸ்டேட்டஸில் போட வேண்டாம்.

குலம், கொள்ளுத்தாத்தா பெயர், எந்தக் காட்டை உழுதார்கள், இடுகாடு எங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளைகளே கேட்டு ஒரு நோட்டில் வம்சாவளியாக எழுதட்டும். இது பள்ளிக்கூடப் பிராஜெக்ட் மாதிரித் தெரிந்தாலும் பயன் பெரிது. வன உரிமைச் சட்டத்தின் கீழ் காட்டு நிலத்துக்கு உரிமை கோரும்போது குறைந்தது இரண்டு ஆதாரம் வேண்டும். கோருபவர் அல்லாத மூத்தவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் தந்தால் அது ஓர் ஆதாரம். பழைய பதிவேட்டில் பெயருள்ள முன்னோரோடு தொடர்பு காட்டும் வம்சாவளி இன்னொன்று. தாத்தா பாட்டியின் பெயருள்ள பழைய ரசீது, ரேஷன் கார்டு எது கிடைத்தாலும் போட்டோ எடுத்து நோட்டோடு வையுங்கள். பழங்குடிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகம் விசாரிக்கும்போதும் சொந்த ஊர், உறவினர் விவரம் கேட்பார்கள். நோட்டின் ஒரு நகலைப் பதியிலேயே மூப்பனிடம் கொடுத்துவிடுங்கள்.