யாரும் எதையும் பகிராத கணினியில் என்எஃப்எஸ்டி ஏன் ஓடுகிறது?

கேள்வி: பாலக்காடு சித்தூர் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியின் கணினி ஆய்வகம். ஆசிரியர் கணினியில் கைட் லினக்ஸ் 22.04 (கேரளப் பள்ளிகளுக்கான லினக்ஸ்). ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் சதுர அடைப்புக்குள் ‘என்எஃப்எஸ்டி’ என்று 8 வரிகள். எதைப் பகிர்வது என்று எழுதிவைக்கும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்போ காலி. வைரஸா?

பதில்: பெரும்பாலும் இல்லை. இது என்எஃப்எஸ் கோப்புப் பகிர்வின் சர்வர் பகுதி. கைட் 22.04-க்கு அடிப்படையான உபுண்டு 22.04-இல் அது இயல்பாகவே 8 த்ரெட்டுகளோடுதான் (இணையாக ஓடும் வேலை இழைகள்) எழும்.

ஆனாலும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். சதுர அடைப்போடு பெயர் வைத்துக்கொள்வது தீய நிரல்களுக்குச் சுலபம். பிபிஐடியை, அதாவது அதைத் தொடங்கிய தாய் நிரலின் எண்ணைப் பாருங்கள்: உண்மையான கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) த்ரெட்டுக்கு அது 2. பிறகு ரூட்டாக, ப்ராக் அடைவில் அந்த பிஐடிக்குள் (நிரலின் சொந்த எண்) இருக்கும் ‘எக்ஸ்இ’ இணைப்புக்கு ரீட்லிங்க் கொடுங்கள். கெர்னல் த்ரெட் என்றால் பதில் வராது. டெம்ப் அடைவிலுள்ள கோப்பு எதையாவது காட்டினால் உடனே நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள்.

திறந்த போர்ட்டுகளைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையில் 2049-ஆம் போர்ட் திறந்திருக்கும், எதிரே நிரல் பெயர் இருக்காது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்த சாக்கெட் கெர்னலுடையது.

எக்ஸ்போர்ட்ஸ் கோப்பு காலி என்பதை வைத்து எதுவும் பகிரப்படவில்லை என்று முடிவு கட்ட முடியாது. பக்கத்திலேயே ‘எக்ஸ்போர்ட்ஸ்.டி’ என்று ஓர் அடைவு உண்டு. அதில் ‘.எக்ஸ்போர்ட்ஸ்’ என்று முடியும் கோப்புகளும் சேர்த்தே படிக்கப்படும். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை தன் பகிர்வுகளை எழுதுவதும் அங்கேதான். ஆகவே இப்போது பகிரப்படுவதைப் பட்டியலிடும் ‘எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி’ சொல்வதைத்தான் நம்ப வேண்டும். பள்ளி ஆய்வகம் என்பதால் எனக்கு முதல் சந்தேகம் எல்டிஎஸ்பி மேல். பழைய கணினிகளை நெட்வொர்க் வழியே பூட் செய்ய அதை நிறுவும்போது என்எஃப்எஸ் சர்வரும் கூடவே வரும், எக்ஸ்போர்ட்ஸ்.டி-யில் ஒரு கோப்பும் விழும்.

யார், எப்போது நிறுவினார்கள் என்பதை மென்பொருள் நிறுவியான ஏபிடியின் ஹிஸ்டரி.லாக் காட்டும். ‘என்எஃப்எஸ்-கெர்னல்-சர்வர்’ என்று தேடுங்கள். தேதி, கொடுத்த கட்டளை, சூடோ போட்டவரின் பயனர் பெயர் மூன்றும் கிடைக்கும். பழைய பதிவுகள் ஜிசிப் ஆகியிருக்கும், அவற்றுக்கு இசட்கிரெப்.

நிறுத்துவதற்கு முன், 2049-இல் யாராவது இணைந்திருக்கிறார்களா என்று எஸ்எஸ்ஸில் பாருங்கள், பள்ளி எஸ்ஐடிசியிடமும் (பள்ளியின் ஐடி ஒருங்கிணைப்பாளர்) ஒரு வார்த்தை கேளுங்கள். எல்டிஎஸ்பி ஓடும்போது இதை நிறுத்தினால் வகுப்பில் உள்ள அத்தனை திரைகளும் அப்படியே உறைந்துவிடும்.

யாரும் பயன்படுத்தவில்லையா? த்ரெட்டுகளைத் தனித்தனியே கில் செய்யாமல் சிஸ்டம்சிடிஎல் வழியாக ‘என்எஃப்எஸ்-சர்வர்’ சேவையை ‘டிஸேபிள் --நவ்’ செய்யுங்கள். அடுத்து, எந்தச் சேவை எந்தப் போர்ட்டில் என்று சொல்லும் ஆர்பிசிபைண்ட். பலரும் ‘ஆர்பிசிபைண்ட்.சர்வீஸ்’ மட்டும் நிறுத்துகிறார்கள். ‘ஆர்பிசிபைண்ட்.சாக்கெட்’ விழித்திருக்கும்வரை 111-ஆம் போர்ட்டை யார் தட்டினாலும் அது மறுபடி எழுந்துவிடும். இரண்டையும் சேர்த்தே நிறுத்த வேண்டும். இணையத்துக்குத் திறந்த 111-ஐ வேறொருவர் மீதான தாக்குதலைப் பெருக்கவும் பயன்படுத்துவார்கள், எனவே இதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்தக் கணினியே வேறொரு சர்வரை என்எஃப்எஸ் 3 வழியாக மவுன்ட் செய்தால் மட்டும் ஆர்பிசிபைண்ட் இருக்கட்டும். பதிப்பு 4-க்கு அது தேவையில்லை.

எஸ்எம்பிடி, என்எம்பிடி தெரிந்தால் அது விண்டோஸ் முறையில் கோப்பு பகிரும் சாம்பா, போர்ட் 445, 139. கோப்பு மேலாளரில் யாராவது ஃபோல்டரைப் பகிர்ந்திருந்தால் சாம்பா அமைப்புகளைச் சரிபார்க்கும் டெஸ்ட்பார்ம் அதைக் காட்டாது. ‘நெட் யூசர்ஷேர் லிஸ்ட்’ கொடுங்கள், அந்தந்தப் பயனராக.