ஆண்டறிக்கையின் ‘பிற தகவல்கள்’: ஆடிட்டரின் பொறுப்பு எதுவரை?

கேள்வி: சேர்மன் கடிதம், இயக்குநர் குழு அறிக்கை எல்லாம் ஆடிட்டர் சரிபார்த்தவைதானே? முதலீட்டாளர் அப்படியே நம்பலாமா?

ஆடிட்டர் கருத்துச் சொல்வது நிதிநிலை அறிக்கைகளைப் பற்றி மட்டும்தான். ‘பிற தகவல்கள்’ எனப்படும் மற்றப் பக்கங்களுக்கு அவர் உத்தரவாதம் தருவதில்லை. ஆனால் எஸ்.ஏ. 720 (திருத்தியது) என்ற தணிக்கைத் தரநிலைப்படி அவற்றை அவர் படித்தே ஆக வேண்டும். கணக்கோடு மட்டுமல்ல, தணிக்கையில் தமக்குத் தெரியவந்தவற்றோடும் பெரிய முரண் உண்டா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது பகுதிதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. பெரிய வாடிக்கையாளரின் ஒப்பந்தம் தொடர்வதாகச் சேர்மன் எழுதுகிறார். அது ரத்தானதை ஆடிட்டர் இயக்குநர் குழுவின் கூட்டக் குறிப்பில் படித்திருக்கிறார். எண்களை மட்டும் ஒப்பிடுபவருக்கு இது சிக்காது. ஆகவே இந்த வேலையை ஆர்ட்டிகிள் மாணவரிடம் (பயிற்சியில் இருக்கும் சி.ஏ. மாணவர்) மட்டும் விடக் கூடாது.

கேள்வி: பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம். தணிக்கை அறிக்கையில் மே மாதமே கையெழுத்திட்டுவிடுகிறோம். ஆண்டறிக்கை ஜூலையில்தான் வருகிறது. என்ன செய்வது?

ஆண்டறிக்கையில் என்னென்ன ஆவணங்கள் வரும், எப்போது வரும் என்று தணிக்கையின் தொடக்கத்திலேயே நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள். கையெழுத்திடும் நாளில் கைக்கு வராதவற்றை, ‘பின்னர் கிடைக்கும்’ என்று தணிக்கை அறிக்கையின் ‘பிற தகவல்கள்’ பகுதியில் குறிப்பிடுங்கள். இறுதி வடிவத்தை வெளியிடுவதற்கு முன்பே தருவதாக எழுத்தில் வாங்குங்கள். பொதுக்கூட்டத்துக்கு 21 நாள் முன்பே ஆண்டறிக்கையைப் பங்குதாரர்களுக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், கடைசி நேரத்தில் கிடைத்தால் திருத்த அவகாசம் இருக்காது.

கையெழுத்துக்குப் பின் தவறு தெரிந்து, நிர்வாகம் திருத்த மறுத்தால் இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுவிடம் கொண்டு செல்லுங்கள். அங்கும் நடக்கவில்லையா? சட்ட ஆலோசனை பெற்று, பங்குதாரர்களுக்குத் தெரியவைக்க வழி தேடுங்கள். கம்பெனிச் சட்டத்தின் 146ஆம் பிரிவு பொதுக்கூட்டத்தில் பேச ஆடிட்டருக்கு உரிமை தருகிறது.

கேள்வி: கணக்குக் குறிப்பில் கடன்–பங்கு விகிதம் 1.42. ஆண்டறிக்கையில் நிர்வாகம் எழுதும் அலசலில் 0.98. ‘சூத்திரம் வேறு, அவ்வளவுதான்’ என்கிறார்கள். ஏற்கலாமா?

அப்படியே ஏற்காதீர்கள். கணக்கீட்டுத் தாளை வாங்கிப் பாருங்கள். குத்தகைப் பொறுப்பை ஒன்றில் சேர்த்து மற்றொன்றில் விட்டிருக்கலாம். குறுகிய காலக் கடனை விட்டிருக்கலாம். நிறுவனத்தின் தனிக் கணக்கும், துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கும் கலந்திருக்கலாம். விகிதம் முந்தைய ஆண்டைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் இரண்டு இடத்திலும் விளக்கம் தர வேண்டும் என்பதால், இரு சூத்திரங்கள் இருந்தால் விளக்கங்களும் மோதும். ஒரே சூத்திரத்துக்கு மாற்றச் சொல்வதே நல்லது; மாட்டோம் என்றால், வேறுபாட்டை அங்கேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ஒருவேளை தவறு கணக்குக் குறிப்பிலேயே இருந்தால், அது நிதிநிலை அறிக்கையின் பிழை. அப்போது பிரச்சினை இன்னும் பெரிது.

கேள்வி: போதிய சான்று கிடைக்காமல் ஆடிட்டர் கருத்துக் கூற மறுக்கும் அறிக்கையிலும் ‘பிற தகவல்கள்’ பகுதி வேண்டுமா?

வேண்டாம். கணக்கைப் பற்றியே கருத்துச் சொல்லாத அறிக்கையில் இதைச் சேர்த்தால் வாசகர் குழம்புவார்.

கேள்வி: தணிக்கைக் கோப்பில் எதை வைக்க வேண்டும்?

செய்த சோதனைகளின் பதிவும், நீங்கள் படித்த பிற தகவல்களின் இறுதி வடிவமும். வரைவில் டிக் போட்டதோடு நிறுத்திவிட்டு, அதன்பின் அச்சகத்தில் மாறிய பத்தியைப் பார்க்காமல் விடுவதுதான் வழக்கமான ஓட்டை. வரைவையும் இறுதிப் பிரதியையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, மாறிய இடங்களை மீண்டும் படியுங்கள்.