தார் எஸ் சலாமில் மகனுக்கு வேலை: மார்த்தாண்டத்துத் தாய்க்கு ஒரு பதில்

அம்மா, வணக்கம்.

பி.காம். முடித்த மகனுக்கு தான்சானியாவில், தார் எஸ் சலாம் நகரில், கணக்காளர் வேலை வந்திருக்கிறது, இரண்டு வருட ஒப்பந்தம், அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். "பிள்ளைகள் பெருகிக்கொண்டே போகிற நாடாமே, அவர்களுக்கே வேலை இருக்காது, இவனுக்கு எப்படி நிலைக்கும்?" என்ற உங்கள் வரியைத் திரும்பவும் படித்தேன். அந்தப் பயத்தில் பாதி நியாயமானது. எந்தப் பாதி என்று சொல்கிறேன்.

2012 கணக்கெடுப்பில் தான்சானியாவில் சுமார் 4 கோடியே 49 லட்சம் பேர். 2022-இல் 6 கோடியே 17 லட்சம். பத்தே வருடத்தில் நூற்றுக்கு 37 பேர் கூடிவிட்டார்கள். தமிழ்நாடு வேகமாகப் பெருகிய 1961–71 காலத்தில்கூட நூற்றுக்கு 22 பேர்தான் கூடினார்கள். அங்கே நூறு பேரில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் 15 வயது நிரம்பாத பிள்ளைகள்.

உங்கள் மகனுக்கு வேலை வந்ததற்கும் இதுவே ஒரு காரணம். ஆள் கூடினால் சோப்பும் மாவும் சிமென்ட்டும் கூடுதலாக விற்கும். விற்கிற கம்பெனிக்குக் கணக்கு பார்க்க ஆள் வேண்டும். அந்த நாட்டுப் பொருளாதாரம் வருடத்துக்கு 5 சதவீதத்தை ஒட்டி வளர்கிறது. ஆனால் பந்தியில் உட்காருகிறவர்களும் வருடத்துக்கு 3 சதவீதம் கூடுவதால் தலைக்கு மிஞ்சுவது இரண்டு சொச்சம்தான். வளர்ச்சி இருந்தும் வீட்டுக்குள் வசதி மெதுவாகவே வருவது இதனால்தான்.

எனக்கு அந்த நாட்டின் மேல் நம்பிக்கை வருவது பள்ளிக்கூடத்தைப் பார்க்கும்போது. 2016-இலிருந்து அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கட்டணம் கிடையாது. கர்ப்பமானதால் படிப்பை விட்ட பெண்பிள்ளைகள் திரும்பச் சேரக்கூடாது என்றிருந்த தடையையும் 2021-இல் எடுத்துவிட்டார்கள். பெண்கள் படிக்கப் படிக்கக் குடும்பம் அளவாவதை நம் வீடுகளிலேயே பார்த்துவிட்டோம். உங்கள் அம்மா பெற்ற பிள்ளைகளையும் நீங்கள் பெற்ற பிள்ளைகளையும் எண்ணிப் பாருங்கள்.

இனி நியாயமான பாதி. உங்கள் ஊர்ப் பக்கத்து முந்திரி ஆலைகளுக்குத் தூத்துக்குடி துறைமுகம் வழியாக ஆப்பிரிக்கக் கொட்டை வருவது உங்களுக்குத் தெரியாததல்ல. தான்சானியாவின் ம்துவாரா பகுதியில் விளையும் கொட்டையில் பெரும்பங்கு உடைக்கப்படாமல் அப்படியே இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் கப்பலேறுகிறது. உடைத்துத் தோலுரிக்கும் கூலி இங்குள்ள பெண்களுக்குக் கிடைக்கிறது. ம்துவாராவின் இளைஞர்களுக்குக் கிடைப்பதில்லை. அதை உள்ளூரிலேயே உடைக்கவேண்டும் என்று அந்த அரசு விரும்புகிறது. அலுவலக வேலைகளிலும் அவர்கள் மனநிலை இதுதான், அது அவர்களுக்கு நியாயமும்கூட.

2015-இல் வந்த வெளிநாட்டினர் வேலைச் சட்டப்படி, பணி அனுமதி இரண்டு வருடத்துக்குத்தான். புதுப்பிக்கலாம், ஆனால் சாதாரண ஊழியருக்கு மொத்தக் காலத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. அந்த இடத்துக்கு உள்ளூர் ஆளைத் தயார்செய்யும் திட்டத்தையும் கம்பெனி அரசிடம் காட்டவேண்டும். அதாவது உங்கள் மகன் அங்கே உட்காரும் நாற்காலி இன்னொருவருக்காகக் காத்திருக்கிற நாற்காலி. கணக்கியல் தேர்வு எழுதித் தேறிய தான்சானிய இளைஞர்கள் வருடாவருடம் வந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, போகட்டும் அம்மா. ஆனால் "அங்கேயே செட்டில் ஆகிவிடுவான்" என்ற கணக்கோடு அனுப்பாதீர்கள். ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வவுச்சர் பதிவுக்காக ஒருவன் போனால் வயது ஏறியபின் கைவீசித் திரும்புவான். அந்த ஐந்து வருடத்தில் சி.எம்.ஏ. அல்லது ஏ.சி.சி.ஏ. என்ற கணக்காளர் தகுதித் தேர்வுகளை முடிக்கவேண்டும், இறக்குமதிச் சுங்கம், அந்நியச் செலாவணி, சரக்கு இருப்புக் கணக்கு என்று இங்கே எளிதில் கிடைக்காத அனுபவத்தைச் சேர்க்கவேண்டும். அந்த நாட்டு மக்கள் பேசும் கிஸ்வாஹிலி மொழியை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். கிடங்கிலும் கடையிலும் பேச்சு அதில்தான். அது தெரியாத கணக்காளருக்குச் சரக்கு எங்கே குறைகிறது என்பதே தெரியாது.

டிக்கெட் போடுமுன் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். "முதலில் சுற்றுலா விசாவில் வா, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பணி அனுமதியும், ஊழியருக்கான 'பி' வகுப்புக் குடியிருப்பு அனுமதியும் கம்பெனி எடுத்துத் தரவேண்டியவை. ஏஜென்ட் இருந்தால் அவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சம்பளம் அந்த நாட்டுப் பணமான ஷில்லிங்கிலா டாலரிலா, ஊருக்குத் திரும்பும் டிக்கெட் யார் செலவு, மருத்துவக் காப்பீடு உண்டா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கவேண்டும். கையெழுத்துப் போடுமுன் தம்பியை அந்தத் தாளோடு என்னிடம் பேசச் சொல்லுங்கள்.