பதில்: படகிலிருந்து போன் நின்றுவிட்டது, என்ன செய்வது?

வணக்கம். இத்தாலியின் பலெர்மோவில் உங்களோடு வேலை பார்க்கும் எரித்திரிய நண்பரின் தம்பி, லிபியாவின் ஸுவாராவிலிருந்து ரப்பர் படகில் கிளம்பி, நேற்றிரவு சாட்டிலைட் போனில் பேசியதோடு சரி என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் 1530-ஐ அழையுங்கள். இத்தாலியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் அது. அடுத்து ‘அலாரம் போன்’. 2014 முதல் தன்னார்வலர்கள் இரவுபகலாக நடத்தும் உதவி எண். அவர்களிடம் கப்பல் கிடையாது. ஆனால் தகவலைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டு, விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

படகு இருக்கும் இடம்தான் உயிர்நாடி. துரையா என்னும் சாட்டிலைட் போனின் திரையில், இடத்தைக் காட்டும் வடக்கு, கிழக்கு என்று இரண்டு வரிசை எண்களைப் பார்க்கலாம். தம்பி மறுபடி பேசினால் அழுகைக்கு முன்னால் அதைக் கேட்கச் சொல்லுங்கள். இலக்கம் இலக்கமாக எழுதி, திருப்பி வாசித்து, நேரத்தையும் குறியுங்கள். ஒரு இலக்கம் பிசகினால் தேடும் கப்பல் பல மைல் தள்ளிப் போய்விடும். சொந்தக்காரர்கள் மாறி மாறி தம்பியின் போனுக்கு அடிக்க வேண்டாம், பாட்டரி தீர்ந்துவிடும்.

தம்பி பேசினால் சொல்ல இன்னொன்று: படகின் அடியில் தேங்கும் பெட்ரோலும் உப்புநீரும் சேர்ந்து தோலைப் பொசுக்கிவிடும். நடுவில் உட்காரும் பெண்கள்தான் பெரும்பாலும் வெந்துபோகிறார்கள். கப்பல் கண்ணில் பட்டால் எல்லோரும் ஒரே பக்கம் எழக் கூடாது, படகு கவிழ்ந்துவிடும்.

போன் அடங்கியதாலேயே நண்பரை மனம்தளர விடாதீர்கள். லிபியக் கடலோரக் காவல்படை வழிமறித்துத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோயிருக்கலாம். அதுவும் கொடுமைதான், ஆனால் ஆள் உயிரோடிருப்பார். நாள்கள் கடந்தால் செஞ்சிலுவைச் சங்கத்தில், காணாமல்போன உறவினரைத் தேடித்தரும் பிரிவில் பதியுங்கள். நேற்றிரவு தம்பி இடத்தைக் காட்டும் எண் ஏதாவது சொன்னாரா என்று இப்போதே நண்பரிடம் கேளுங்கள்.