கேம் ஆடும்போது மட்டும் என் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடுகிறது. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்?

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். அது எப்படி அணைகிறது என்பதை இரண்டு மூன்று தடவை உட்கார்ந்து கவனியுங்கள். நான் அதைச் செய்யாததால் ஒரு மாதத்துக்கு மேல் அலைந்தேன். நன்றாக இருந்த மதர்போர்டைத் தூக்கிப் போடும் அளவுக்குப் போய்விட்டேன்.

என்னுடையது ரைசன் 5 5600எக்ஸ் ப்ராசசர், 16 ஜிபி ராம், 650 வாட் எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தை உள்ளே இருக்கும் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி). சின்ன கிராபிக்ஸ் கார்டு ஒன்றோடு இரண்டு வருடம் வாயே திறக்காமல் ஓடியது. பிறகு தெரிந்தவர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3080 என்ற பெரிய கிராபிக்ஸ் கார்டு கிடைத்தது. மாட்டிய அன்று மாலை, கார் ரேஸில் மூன்றாவது சுற்று போய்க்கொண்டிருக்கும்போதே 'டப்'. திரை கறுப்பு. ஃபேன் நின்றுவிட்டது, கீபோர்டு வெளிச்சம்கூட இல்லை. பவர் பட்டனை எத்தனை அழுத்தினாலும் அசையவில்லை. கேபினட்டின் பின்னால் எஸ்எம்பிஎஸ் ஸ்விட்சை அணைத்து, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போட்ட பிறகுதான் உயிர் வந்தது.

அந்த ஸ்விட்ச் விஷயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் காலம், சூடுதான் என்று முடிவு கட்டி, ப்ராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் வாங்கிப் பூசினேன், கூடுதலாக ஒரு ஃபேனும் மாட்டினேன். பலனில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். யூடியூப் ஓடியது, பிரவுசர் ஓடியது, ஒரு தடவைகூட அணையவில்லை. "மதர்போர்டாதான் சார் இருக்கும், மாத்திப் பாத்துடலாம்" என்றார்கள். அணையவே அணையாத கம்ப்யூட்டரைப் பார்த்து மதர்போர்டு மேல் எப்படிச் சந்தேகம் வந்தது என்று எனக்கு இன்று வரை புரியவில்லை. நல்லவேளை, அந்த மாதம் கையில் காசில்லை.

இனி உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம். நீலத் திரை வந்து, பிறகு ரீஸ்டார்ட் ஆகிறதா? அப்படியானால் டிரைவர் (பாகங்களை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்), ராம், ஓவர்கிளாக் (பாகத்தை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது) பக்கம் தேடுங்கள். நீலத் திரை கண்ணில் படாமல் போகவும் வாய்ப்பு உண்டு. விண்டோஸின் சிஸ்டம் அமைப்புகளில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதியை எடுத்துவிட்டால் பிழைக் குறியீடு திரையிலேயே நிற்கும். படம் உறைந்து, சத்தம் மட்டும் 'டர்ர்' என்று இழுக்கிறதா? அப்போதும் சந்தேகம் முதலில் டிரைவர் மீதும் ராம் மீதும்தான். ராமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு ஒரு நாள் ஆடிப் பாருங்கள்.

சூடு என்றால் அது சொல்லாமல் கொள்ளாமல் வருவது குறைவு. 5600எக்ஸின் வரம்பு 95 டிகிரி. அதை நெருங்கும்போது ப்ராசசர் முதலில் தன் வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளும். ஃபேன் அலறும், கேம் திக்கித் திணறும். அதற்கும் அடங்காவிட்டால்தான் அணையும். ஆகவே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேம் ஒரு நொடியில் செத்தால் சூட்டைக் கொஞ்சம் பின்வரிசையில் வையுங்கள். ஊகம் வேண்டாம் என்றால் எச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு, சூட்டின் அளவுகளை ஃபைலில் பதியச் சொல்லிவிட்டு ஆடுங்கள். அணைந்த பிறகு அந்த ஃபைலின் கடைசி வரியைப் பார்த்தால் போதும். என்னுடையதில் ப்ராசசர் 72, கார்டு 69. இதைப் பார்த்த பிறகுதான் தெர்மல் பேஸ்ட் டப்பாவை உள்ளே வைத்தேன்.

விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பாக ஒன்று இருக்கும். பலர் அதைப் பார்த்துப் பதறுகிறார்கள். முறையாக அணைக்கப்படாமல் கம்ப்யூட்டர் மறுபடி தொடங்கியது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். வாசலில் விழுந்து கிடப்பவரைப் பார்த்து 'இவர் விழுந்துவிட்டார்' என்று எழுதி வைப்பது போல. ஆனால் அதன் விவரங்களுக்குள் பக்செக்கோடு என்று ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். அது பூஜ்யம் என்றால், பெரும்பாலும் தனக்கு என்ன நடந்தது என்று குறித்துவைக்க விண்டோஸுக்கு அவகாசமே கிடைக்கவில்லை. மின்சாரமே அறுந்திருக்கிறது. எனக்கு பூஜ்யம்தான்.

மின்சாரம் என்றால் முதலில் யுபிஎஸ்ஸைக் கழற்றி, நேராகச் சுவர் பிளக்கில் சொருகிப் பாருங்கள். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் யுபிஎஸ் மேல் 600 என்று எழுதியிருப்பது வாட் அல்ல, விஏ (வோல்ட்-ஆம்பியர்). வாட் கணக்கில் அது பெரும்பாலும் 360தான். 3080 கார்டு ஒன்றே 320 வாட் கேட்கும். கேமின் நடுவில் கரண்ட் போனால் அந்த யுபிஎஸ் ஒருதரம் கத்திவிட்டுத் தானும் படுத்துவிடும். எனக்கு யுபிஎஸ்ஸைக் கழற்றியும் அணைந்தது. ஆக, மிச்சம் எஸ்எம்பிஎஸ்.

இங்கேதான் நான் குழம்பினேன். ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளைப் போட்டுக் கார்டை இருபது நிமிடம் முழு மூச்சில் ஓட்டினால் ஒன்றும் ஆகவில்லை. கேமில், அதுவும் சில சமயம் கார் தேர்ந்தெடுக்கும் மெனுவிலேயே, செத்துவிடுகிறது. கணக்கும் இடித்தது: கார்டு 320, ப்ராசசர் 76, மற்றதெல்லாம் சேர்த்தாலும் 500 வாட்டைத் தாண்டாது. எஸ்எம்பிஎஸ் 650 ஆயிற்றே!

320 என்பது சராசரி என்பதை நான் யோசிக்கவில்லை. வீட்டில் தண்ணி மோட்டார் போட்டதும் ஒரு நொடி விளக்கு மங்கி, பிறகு சரியாகிவிடும், இல்லையா? மோட்டார் கிளம்பும்போது இழுப்பதும் ஓடும்போது இழுப்பதும் ஒன்றல்ல. இந்த வகைக் கார்டுகளும் கேமில் சுமை ஏறி இறங்கும்போதெல்லாம், மில்லி நொடிக் கணக்கில், சராசரியைவிட மிக அதிகமாக இழுக்கும். ஃபர்மார்க்கில் சுமை ஒரே சீராக இருப்பதால் அந்தத் துள்ளல் அவ்வளவாக இல்லை. துள்ளலைப் பார்க்கும் எஸ்எம்பிஎஸ் 'எங்கோ கோளாறு' என்று தன்னையே பூட்டிக்கொள்கிறது. அந்தப் பூட்டு விடுபடத்தான் பின் ஸ்விட்சை அணைத்துப் போட வேண்டியிருந்தது. இதே காரணத்துக்காகத்தான் 2022இல் வந்த, எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, புதிய கார்டுகளுக்கான எஸ்எம்பிஎஸ் தன் அளவைப் போல இரு மடங்கை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்க வேண்டும் என்கிறது. என்னுடையது அதற்கு முந்தையது.

இதை உறுதி செய்யக் காசு செலவில்லை. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை (அது இழுக்கும் மின்சாரத்தின் வரம்பை) 70 சதவீதத்துக்கு இறக்குங்கள், கேமின் எஃப்பிஎஸ்ஸுக்கும் (நொடிக்கு எத்தனை படம் என்பதற்கும்) ஒரு வரம்பு போடுங்கள். நான் அப்படி வைத்து மூன்று மணி நேரம் ஆடினேன், அசையவில்லை. மறுபடி 100க்கு ஏற்றினேன், அரை மணிக்குள் 'டப்'. அடுத்த சம்பளம் வரும்வரை 80இல் வைத்து ஓட்டினேன். ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு 850 வாட், ஏடிஎக்ஸ் 3.0 வாங்கி மாட்டினேன். அதன் பிறகு ஒரு தடவைகூட அணையவில்லை.

வாங்குவதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கை. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றக்கூடிய கேபிள்களைப் புதியதில் சொருகாதீர்கள். பிளக் பொருந்தினாலும் உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கலாம்; எஸ்எஸ்டி புகைந்துவிடலாம். கார்டில் இரண்டு 8 பின் இடம் இருந்தால் ஒரே வயரின் இரண்டு தலைகளை மாட்டாமல் தனித்தனி வயர் கொடுங்கள். பழையதைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

70 சதவீதத்திலும் அணைந்தால் என் கதை உங்களுக்குப் பொருந்தாது. அப்போது கம்ப்யூட்டர் ஆன் ஆனதும், கேபினட் பவர் பட்டனிலிருந்து மதர்போர்டுக்கு வரும் சின்ன வயரைக் கழற்றிவிட்டு ஆடிப் பாருங்கள். பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டு அணைக்கும் கேபினட்டை நான் பார்த்திருக்கிறேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பிளக் லூஸாக ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

என் பழைய 650 வாட் எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போகவில்லை. தங்கச்சி கம்ப்யூட்டரில் சின்ன கார்டு ஒன்றோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.