சீனத் தொழிற்சாலையில் நேரே லேத் வாங்கலாமா?

கேள்வி: உப்புவெளியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். படகு சாஃப்ட் (சுழலும் தண்டு), அது சுற்றும் புஷ் கடைசல்தான் அதிகம். கொழும்பில் சொல்லும் விலையில் பாதிக்கு ஒரு சீனத் தொழிற்சாலை வட்ஸ்அப்பில் லேத் (கடைசல் இயந்திரம்) தருகிறேன் என்கிறது. 30 வீதம் முற்பணம், மிச்சம் ஏற்றுவதற்கு முன்பாம். எடுக்கலாமா ஐயா?
- வாசகர், திருகோணமலை

பதில்: எடுக்கலாம் தம்பி. ஆனால் அந்தப் பாதி விலை எதுவரைக்கும் என்று முதலில் கேளுங்கள். எஃப்.ஓ.பி. என்றால் அங்கே கப்பலில் ஏற்றும் வரைக்கும்தான். கப்பல் கூலி, காப்புறுதி, சுங்கத் தீர்வை, 18 வீத வற், கொழும்பிலிருந்து லொறி எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். (இவ்வளவு பெரிய துறைமுகத்தை வாசலில் வைத்துக்கொண்டு பெட்டி எடுக்கக் கொழும்புக்கு ஓடுகிறோம், அது வேறு கதை.) கப்பல் கூலி சும்மா மாதிரி என்று சொன்னால் இன்னும் கவனம். மற்றவர்களின் சரக்கோடு ஒரே கொள்கலனில் வரும் பெட்டிக்கு அங்கே குறைத்த காசை, இங்கே விடுவிக்கும்போது கட்டணம் கட்டணமாகப் போட்டுக் கறப்பது பழைய வித்தை. காசு அனுப்புமுன் இன்வொய்ஸை, சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் காட்டி முழுக் கணக்கையும் எழுதி வாங்குங்கள்.

அப்புறம் மெசின். நீங்கள் சாஃப்ட் கடைபவர், ஆகவே ஸ்பிண்டில், அதாவது வேலைத்துண்டைச் சுற்றும் தண்டு, அதன் துளைதான் உங்களுக்கு உயிர். நீளமான சாஃப்டின் நுனியில் வேலை செய்ய மிச்சம் லேத்தின் ஹெட்டுக்குள்ளால் பின்பக்கம் போகவேண்டும். 38 மில்லிமீற்றர் துளைக்குள் 40 மில்லிமீற்றர் சாஃப்ட் எப்படிப் போகும்? படத்தில் எல்லா லேத்தும் ஒரே மாதிரித்தான் இருக்கும், அதனால் துளை, பெட் நீளம், மோட்டார் மூன்றையும் இன்வொய்ஸிலேயே எழுத வையுங்கள். மூன்று பேஸ் மின்சாரம் என்றால் சீனாவின் 380 வோல்ற் மோட்டார் நம் 400இல் பெரும்பாலும் ஓடிவிடும். பட்டறையில் ஒற்றை பேஸ் மட்டும் இருந்தால் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அமெரிக்காவுக்குச் செய்த 110 வோல்ற் மோட்டார் வந்து நிற்கவும் கூடும்.

பணம்தான் பெரிய தலையிடி. அவர்கள் சொல்வது போலக் கட்டினால் மெசினைக் கண்ணால் காணுமுன்பே முழுக் காசும் போய்விடும். எல்.சி. (ஆவணங்களைக் காட்டினால் வங்கி காசு கொடுக்கும் உறுதிக் கடிதம்) போட்டாலும் வங்கி பார்ப்பது கடதாசியைத்தான், பெட்டிக்குள் துருப்பிடித்த இரும்பு கிடந்தாலும் ஆவணம் சரியென்றால் காசு போகும். மிச்சக் காசு கட்டுமுன் மூன்றாம் ஆளாக ஒரு பரிசோதனை நிறுவனத்தைக் காசு கொடுத்து அனுப்புங்கள். ஸ்பிண்டிலில் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிக் காட்டும் வீடியோவில் உங்கள் மெசினின் தொடரிலக்கத் தகடும் தெரியவேண்டும். வங்கிக் கணக்கு கம்பனியின் பெயரில் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். "வங்கி மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால் பழைய தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்காமல் ஒரு சதமும் அனுப்பவேண்டாம்.

ஒரு வருட உத்தரவாதம் என்பார்கள். பல்சக்கரம் உடைந்தால் அதை அனுப்பும் கூலியும் பூட்டும் கூலியும் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. பெல்ட், பெயாரிங், மாற்றுப் பல்சக்கரங்களை மெசினோடேயே எடுத்துவிடுவது நல்லது.

இத்தனையும் கூட்டிப் பார்த்து வித்தியாசம் கொழும்பு விலையில் கால்வாசிக்குக் கீழே வந்தால், ஒரே ஒரு மெசினுக்கு நான் கொழும்புக் கடைக்குத்தான் போவேன். போகும்போது உங்கள் சாஃப்ட் ஒன்றையும் கொண்டுபோய், காசு எண்ணுமுன் அங்கேயே கடைந்து பாருங்கள்.