சுளையும் சடையும்

அன்புள்ள ஐயா,

என் மகள் ஆங்கில வழியில் ஒன்பதாவது படிக்கிறாள். ‘ஃபெர்ட்டிலைசேஷன்’ என்றால் கருவுறுதல் என்று பாடத்தில் படித்திருக்கிறாள். வயலுக்கு நான் யூரியா போடுவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான் என்று தெரிந்ததும், “அப்போ யூரியா போட்டா நெல்லு கர்ப்பமாயிடுமாப்பா?” என்று கேட்டாள். சிரித்துச் சமாளித்தேன். உண்மையில் இரண்டுக்கும் தொடர்பு உண்டா? இன்னொரு சந்தேகம். வீட்டுப் பலாவில் பிஞ்சு நிறைய வைக்கிறது, ஆனால் பாதிக்கு மேல் கறுத்து உதிர்ந்துவிடுகிறது. உரம் போதவில்லை என்று கடையில் சொல்லி ஒரு மூட்டை கொடுத்தார்கள். என் பெயர் வேண்டாம்.

வாசகர், நெல்லிக்குப்பம்

வணக்கம்.

உங்கள் மகளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு அருகதை இல்லை. பல வருடங்களுக்கு முன் மீன் வளர்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கினேன். குளத்தில் சாணம் கரைத்துவிட்டால் தண்ணீரில் நுண்பாசி பிடிக்கும், குஞ்சுகளுக்கு அது தீனி. ஆங்கிலத்தில் அதற்கும் இதே சொல்தான். நான் அசந்துபோய் ‘குளம் கருவுற்ற பின்’ என்று எழுதிவிட்டேன். கடலூர் முதுநகர் நண்பர் ஒருவர் படித்துவிட்டு, “குளத்துக்கு இப்ப எத்தனாவது மாசம்?” என்று கேட்டார். நல்லவேளை, அச்சுக்குப் போயிருக்கவில்லை.

லத்தீனில் ‘ஃபெர்ரே’ என்றால் சுமப்பது. அதிலிருந்து வந்த ‘ஃபெர்ட்டிலிஸ்’ என்பதற்கு நன்றாக விளைகிற, நிறையக் காய்க்கிற என்று பொருள். நிலம் விளைச்சலைச் சுமக்கிறது, தாய் பிள்ளையைச் சுமக்கிறாள். ஆங்கிலம் இரண்டையும் அந்த ஒரு வேரில் கட்டிவிட்டது. நம்மிடம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. குறளில் ‘ஏரினும் நன்றால் எருவிடுதல்’ என்று வருவது எரு. வேறொரு குறளில் ‘உரமொருவற்கு உள்ள வெறுக்கை’ என்று வரும் உரம் மன உறுதியைச் சொல்கிறது. வலிமை என்ற அந்தச் சொல்தான் இன்று மூட்டையில் அச்சாகிறது. ஏற்கெனவே இருக்கிற பயிருக்குத் தெம்பு கொடுப்பது உரம். இரண்டு அணு கூடி, அதுவரை இல்லாத ஒன்று உண்டாவது கரு.

ஆனால் தமிழும் அப்படியொன்றும் சுத்தபத்தமாகப் பிரித்து வைத்திருக்கவில்லை. மாடு சினை என்றால் வயிற்றில் கன்று இருக்கிறது. மீனில் சினை என்றால் பெரும்பாலும் இன்னும் கருவே ஆகாத முட்டை. தண்ணீரில் விட்ட பிறகுதான் அதற்கு ஆண் மீனின் விந்து சேர வேண்டும். நெல்லிலும் இதே கதைதான். கதிர் தோகைக்குள் திரண்டிருக்கும்போதே ‘பயிர் சூல் கட்டியிருக்கு’ என்கிறோம். பூவே வெளியில் வந்திருக்காது! ஆக, நெல் கர்ப்பமாகும் என்று உங்கள் மகள் சொன்னதில் தப்பில்லை, ஊரே அப்படித்தான் பேசுகிறது. யூரியாவால் ஆகும் என்பதுதான் தப்பு.

கதிர் வெளிவந்ததும் ஒரு நாள் காலை ஒன்பது, பத்து மணிக்கு அவளை வரப்புக்குக் கூட்டிப் போங்கள். நெல்லின் உமி இரண்டாகப் பிளந்து, ஆறு மகரந்தப் பைகள் நூலில் தொங்கும். கொஞ்ச நேரத்தில் உமி மூடிக்கொள்ளும். பெரும்பாலும் தன் மகரந்தமே தன் சூல்முடியில் விழுந்துவிடும். இதற்கு மகரந்தச் சேர்க்கை என்று பெயர், கருவுறுதல் அதற்குப் பிறகுதான். பிள்ளைகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மதிப்பெண்ணை விடுவார்கள். மகரந்தத்திலிருந்து ஒரு குழல் உள்ளே இறங்கி, இரண்டு ஆண் அணுக்களைக் கொண்டுபோய் விடும். ஒன்று முட்டையோடு கூடி முளையாகிறது. மற்றது பக்கத்திலிருக்கும் வேறு அணுக்கருக்களோடு கூடி மாவுப் பகுதியாகிறது. அரிசி தீட்டும்போது முளை தவிட்டோடு போய்விடும். நாம் தினமும் சோறாகத் தின்பது இரண்டாவது கூடலை. இது நடக்காத நெல் பதர்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன், அதாவது 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 21 கிலோ. தூர் கட்டுவதற்கும் இலைக்கும் அது வேண்டும். பச்சையைப் பார்த்த ஆசையில் அளவு மீறிக் கொட்டினால் பயிர் சாயும், நோய் வரும், பதரும் கூடும். அப்புறம் அறுத்துத் தூற்றும்போது காற்றில் பறப்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கியதுதான்.

சரி, பலாவுக்கு வருவோம். ஒரே மரத்தில் ஆண் பூத்திரள், பெண் பூத்திரள் இரண்டும் தனித்தனியாக வரும், இரண்டுமே பார்க்கப் பிஞ்சு மாதிரி இருக்கும். ஆண் திரள் மகரந்தத்தைக் கொட்டி முடித்ததும் கறுத்து உதிர்வது இயற்கை. உங்கள் மரத்தில் உதிர்வது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். தடித்த காம்போடு அடிமரத்திலும் பெருங்கிளையிலும் நிற்பது பெண். அது பூசணம் பிடித்து அழுகி விழுந்தால் அது நோய், அதற்கும் யூரியா மருந்தில்லை.

பண்ருட்டிப் பழம் ஒன்றை அறுத்தால் நான் சொல்வது கையில் ஒட்டும். பலாப்பழம் ஒரு பூவின் காய் இல்லை, நூற்றுக்கணக்கான பெண் பூக்கள் ஒன்றாக ஒட்டி வளர்ந்தது. ஒவ்வொரு சுளையும் கருவுற்ற ஒரு பூ, உள்ளே கொட்டை. சுளைகளுக்கு நடுவே பட்டையாக, நாராக நிற்கும் சடையெல்லாம் கருவுறாமல் போன பூக்கள். சில பழம் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் ஒடுங்கிக் கோணலாக இருக்குமே, ஒடுங்கிய பக்கத்தில் மகரந்தம் சரியாகச் சேரவில்லை. சடை மாட்டுக்குப் போகும், சுளை நமக்கு. எங்கள் வீட்டில் சடையின் ஓரத்தைச் சப்பித் தின்னவும் ஆள் உண்டு, அது நான்தான்.

கறுக்காமல் கிளை நுனியில் நிற்கும் ஒன்றை மகள் விரலால் தேய்த்துப் பார்க்கட்டும். மஞ்சள் பொடி ஒட்டினால் அது ஆண். அந்த மூட்டையைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்பதை நீங்கள்தான் பேசிப் பார்க்க வேண்டும்.